பிச்சிப்பூவும் கோமுவின் சீட்டும்

கோமுவுக்குப் பிச்சிப்பூ ஆகாது. வாசம் பட்டாலே அடுக்கடுக்காகத் தும்முவாள். கண்ணில் நீர் கொட்டும். கல்யாண வீட்டு வாசலில் பூத்தட்டை நீட்டினால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போய்விடுவாள். அதைப் பார்த்து அவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சொன்ன பெண்கள் உண்டு. ஒன்பது வருடமாக அவளை அறிந்தவன் நான். தலைக்கனம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற பெண் அவள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டைக்கு மேற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு தினமும் நாற்பது தடவை 'ஷ்' என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சத்தம் எனக்கு ஜென்ம விரோதி. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தது அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ் பயணம். நம்மூர் பஸ்ஸில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அது உறுமுகிற உறுமல், இறங்கி அரை மணி நேரம் ஆனாலும் காதை விட்டுப் போகாது. அதற்கு மேல் பாட்டு, ஹாரன், கண்டக்டர் பிச்சைக்கண்ணுவின் தொண்டை. பிச்சைக்கண்ணு இருபத்தாறு வருடமாக அந்த எஞ்சினோடு போட்டி போட்டுக் கத்தி, இப்போது வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கிறது.

கோமுவும் எங்கள் ஊர் அம்பைக்காரிதான். எங்கள் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறையில் உதவிப் பேராசிரியை. வயது நாற்பத்தொன்று. கணவர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. நான் தினமும் திட்டிக்கொண்டு வந்த அதே உறுமலைத்தான் அவள் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இந்த உறுமலை மட்டும் எடுத்துட்டா எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எஞ்சினைக் கழத்திட்டா பஸ் எப்படி ஓடும்?"

"எஞ்சின் இருக்கட்டும். உக்காந்திருக்கவங்க காதுக்கு மட்டும் கேக்காம செஞ்சா?"

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். சீட்டின் தலை சாய்க்கிற இடத்தில், இரண்டு காது பக்கமும் ஒவ்வொரு சின்ன ஸ்பீக்கர், ஒவ்வொரு மைக். எஞ்சின் சத்தம் அலையாக ஏறி இறங்கி வருகிறது. அது ஏறும்போது ஸ்பீக்கரிலிருந்து இறங்குகிற அலையை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எவ்வளவு அனுப்புவது, எப்போது அனுப்புவது என்பதைச் சீட்டுக்கு அடியில் இருக்கும் கண்ட்ரோலர் முடிவு செய்யும். மிச்சம் எவ்வளவு சத்தம் காதுக்குப் போகிறது என்று மைக் சொல்லச் சொல்ல, அது தன்னைத் திருத்திக்கொண்டே போகும். தலையைச் சுற்றி ஒரு பூசணிக்காய் அளவுக்கு அமைதி கிடைக்கும். ஹாரனையும் பாட்டையும் அது ஒன்றும் செய்யாது. உறுமலுக்கு மட்டும்தான் அது எமன்.

இதற்காக அவள் ஏழு வருடம் உழைத்தாள். டவுண் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கைகால் உடைந்து கிடந்த பொம்மையின் தலையை வாங்கி வந்து, அதன் காதில் மைக் பொருத்தி, ஆய்வுக்கூடத்தில் சீட்டில் சாய்த்து வைத்துப் பார்ப்பாள். மொட்டைத் தலை, நல்ல மூக்கு, எப்போதும் சிரித்த முகம். பொம்மைக்கு அலுத்தால் மாணவர்களை உட்காரச் சொல்வாள். பதினான்கு டெசிபல் குறைந்தது என்று ஒரு பத்திரிகையில் கட்டுரைகூட வந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வு அன்று கோமு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். வெளித் தேர்வாளராகச் சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஜயலக்ஷ்மி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு முட்டுக்கட்டையைப் போட்டார். ஆய்வுக்கூடத்தில் சரி, இது நிஜ பஸ்ஸில், நிஜப் பயணிகளோடு, முப்பது நாள் தொடர்ந்து ஓட வேண்டும். இடையில் ஒருமுறை ஸ்பீக்கர் கட்டுமீறி ஊளையிட்டாலும் கணக்கு முதலிலிருந்து. முப்பதாவது நாள் அவரே வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். செப்டம்பர் பதினைந்தோடு கோமுவின் பதிவுக் காலம் முடிகிறது. ஏற்கனவே இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது, இனி நீட்டிக்க விதியில்லை. பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று கல்லூரி நிர்வாகமும் எழுத்தில் கொடுத்துவிட்டது.

ஆக, ஏழு வருட உழைப்பும் பதினான்கு வருட வேலையும் ஒரே ஒரு பஸ் சீட்டில் உட்கார்ந்துகொண்டன.

பஸ் முதலாளி மாடக்கண்ணு அண்ணாச்சி தங்கமான மனுஷர். கேட்டதும் தலையாட்டிவிட்டார். ஆனால் எந்தச் சீட்டு என்பதில் கறாராக இருந்தார்.

"ஆம்பளைய சீட்டுல வச்சா மெத்தையில பிளேடு போட்டுருவானுவ தாயி. இடது பக்கம் பொம்பளைய சீட்டுல ரெண்டாவது வரிசையில வையிங்க. எஞ்சினுக்கும் பக்கம், பத்திரமாவும் இருக்கும்."

எனக்கு வயிறு எரிந்தது. சத்தத்தால் மிகவும் கஷ்டப்படுகிறவன் நான். உலகத்திலேயே எனக்குத் தேவையான ஒரே சீட்டில் 'பெண்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஷெட்டில் வைத்துப் பொருத்திய அன்று, எஞ்சினை ஓடவிட்டு, யாரும் பார்க்காதபோது கோமு என்னை உட்காரச் சொன்னாள். சுவிட்சைப் போட்டாள். உறுமல் காலில் இருந்தது, முதுகில் இருந்தது, காதில் இல்லை. அடுத்த தெருவில் ஒருவர் சைக்கிள் மணி அடித்தது கேட்டது. எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அதைக் கோமு பார்க்காமல் இருக்க, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆடி இரண்டாம் தேதியிலிருந்து கணக்கு ஆரம்பித்தது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாவது நாள், வெள்ளிக்கிழமை, பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் சீட்டு ஊளையிட்டது. அதைச் சத்தம் என்றே சொல்ல முடியாது. அடித்தொண்டையிலிருந்து ஓநாய் ஊளையிடுகிற மாதிரி. அதில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கணக்கு பூஜ்யம். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஊளை. வெள்ளிக்கிழமை மறுபடியும். புதன், வியாழன், சனி எல்லாம் பரம சாது.

"டீச்சர், ஒங்க சீட்டு செவ்வா வெள்ளி விரதம் இருக்கு போலுக்கே" என்று பிச்சைக்கண்ணு பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

மாடக்கண்ணு அண்ணாச்சி சும்மா இருப்பாரா? சீட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். கோமு அதை அவிழ்க்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி, எடை ஒண்ணும் கூடாது" என்றாள். ஆனால் முகத்தில் சுரத்தில்லை. செவ்வாய், வெள்ளியில் மட்டும் எஞ்சின் எப்படி மாறும்? டீசல் நிரப்புகிற நாளைப் பார்த்தாள். டிரைவர் மாறுகிற நாளைப் பார்த்தாள். சக்கரத்துக்குக் காற்று அடிக்கிற நாளைக்கூட விடவில்லை. ஒன்றும் பிடிபடவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் போனில், "கம்பி எங்காவது லூசாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கருத்தரங்குக்குப் போய்விட்டார்.

ஆடிப்பூரம் வந்தது. காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு. அம்பையிலிருந்து டவுணுக்குப் போகிற பெண்கள் கூட்டம் பஸ்ஸில் நெரிந்தது. அந்தச் சீட்டில் சொர்ணாம்பாள் என்று கல்லிடைக்குறிச்சியில் ஏறுகிற அம்மாள் உட்கார்ந்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியை. தலையில் நாலு முழம் பிச்சி, கட்டி அப்போதுதான் தண்ணீர் தெளித்தது. கோமு கூட்டத்தில் நசுங்கியபடி பின்னால் நின்றுகொண்டு, ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டை. பஸ் வேகம் எடுத்தது. சொர்ணாம்பாள் பின்னால் சாய்ந்தார். சீட்டு ஊளையிட்டது.

"ஏ அம்மா! என்ன எழவு இது!" என்று அவர் முன்னால் துள்ளினார். ஊளை நின்றது. பழையபடி சாய்ந்தார். ஊளை. துள்ளினார். நின்றது.

கோமு தும்முவதை நிறுத்தினாள். "அக்கா, இன்னொருக்கா சாயுங்க."

"என்னது?"

"ஒரேயொருக்கா. பைய சாயுங்க."

தலைமையாசிரியையாக இருந்தவருக்குப் பிறர் சொல்லிச் செய்து பழக்கமில்லை. ஆனாலும் கோமுவின் முகத்தில் என்ன பார்த்தாரோ, சாய்ந்தார். ஊளை. "எந்திரிங்க." நின்றது. "சாயுங்க." ஊளை. பஸ்ஸே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. கோமு கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் இடம் விட்டார்கள்.

"பூவு! அண்ணாச்சி, பூவு!" என்று ஆண்கள் பக்கம் இருந்த என்னைப் பார்த்துக் கத்தினாள்.

பூதான். செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போகிற பெண்கள் பந்து பந்தாகப் பூ வைத்துக்கொண்டு வருவார்கள். ஈரப் பூ போய் மைக்கையும் ஸ்பீக்கரையும் சேர்த்து மூடிக்கொள்ளும். கண்ட்ரோலர் ஏழு வருடமாகப் படித்ததெல்லாம் மொட்டைப் பொம்மையையும் கிராப்பு வெட்டிய பையன்களையும்தான். பூ வந்ததும் சத்தம் போகிற வழி மாறிவிட்டது. அது தெரியாமல் பழைய கணக்கிலேயே எதிர்ச்சத்தம் அனுப்பியது. எதிர்க்க வேண்டிய சத்தம் உறுமலோடு போய்ச் சேர்ந்துகொண்டது. மிச்சம் கூடியிருக்கிறதே என்று இன்னும் கூட்டி அனுப்பியது. அதுதான் ஊளை. பெண்கள் சீட்டில் வைக்கிற சாமானைப் பெண் தலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பெண்ணான கோமுவுக்கே தோன்றவில்லை. அவள் தலையில் பூ இருந்ததில்லையே.

அன்றிலிருந்து ஆய்வுக்கூடம் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. பொம்மைத் தலைக்குச் சவுரி வாங்கிக் கட்டினாள். தினமும் காலையில் பிச்சி, மல்லிகை, கனகாம்பரம், கதம்பம் என்று வகைக்கு நாலு முழம். நான்தான் வாங்கிக்கொண்டு போவேன். பூக்கடைக்காரர் என்னைப் பார்த்து, வீட்டில் என்ன விசேஷம் என்று நாலாவது நாள் கேட்டார். கோமு முகமூடி போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பொம்மைக்குப் பூ சூடி, சாய்த்து, அளந்து, எழுதி, தும்மினாள். ஒருநாள் முதல்வர் எட்டிப் பார்த்தார். சவுரியும் பூவுமாகச் சிரித்துக்கொண்டிருந்த பொம்மையையும் அதற்கு முன்னால் அழுதுகொண்டிருந்த கோமுவையும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பூவோடு நிற்கவில்லை. தலைக்கு என்னவெல்லாம் வரும் என்று என்னையும் உட்கார வைத்துப் பட்டியல் போட்டாள். துண்டு, முந்தானை, துப்பட்டா, பர்தா, மார்கழிக் குல்லா, மொட்டை அடித்துத் திருச்செந்தூரிலிருந்து வருகிற தலை, தோளில் தூங்குகிற பிள்ளையின் தலை. "எண்ணெய் வச்ச தலை?" என்றேன். "அது மைக்குக்கு இல்ல அண்ணாச்சி, மெத்தைக்குத்தான் கேடு" என்றாள்.

கடைசியில் வந்த சிக்கல் வேறு. எல்லாத் தலைக்கும் ஊளையிடாமல் இருக்க வேண்டுமென்றால் கண்ட்ரோலரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். தனக்குத் தெரிந்த கணக்கு தப்பாக இருக்கலாம் என்று அது எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடு இருக்க வேண்டும். சந்தேகம் கூடினால் எதிர்ச்சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படிச் செய்தால் பதினான்கு டெசிபல் கிடைக்காது, பத்துதான்.

"பதினாலுன்னு அச்சுல வந்தாச்சு. இப்பம் பத்துன்னு கொண்டு போய் நின்னா மூஞ்சிய எங்கன வச்சுக்கிட?" என்றாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "ஏ கோமு, பதினாலு யாருக்குக் கெடச்சது? மொட்டைப் பொம்மைக்கு. அது என்ன டிக்கெட்டா எடுத்துச்சு?" என்றேன். சொன்ன பிறகு, கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும், "பத்துதான்" என்றாள். அவ்வளவுதான்.

புதுக் கண்ட்ரோலரை ஆவணி முதல் தேதி பொருத்தினார்கள். அன்றிலிருந்து எண்ணினால் முப்பதாவது நாள் சரியாகச் செப்டம்பர் பதினைந்து. ஒருநாள்கூட உபரி இல்லை. அதுவும் ஆவணி, முகூர்த்த மாதம். ஆடியில் செவ்வாய் வெள்ளிக்கு மட்டும் வந்த பூ, ஆவணியில் நினைத்த நாளெல்லாம் வரும். முதல் முகூர்த்த நாளில் நான் பஸ்ஸில் சாமி கும்பிட்டுக்கொண்டு வந்தேன். சேரன்மகாதேவி தாண்டியது, பத்தமடை தாண்டியது. சீட்டு வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சீட்டுக்குக் கிராக்கி வந்துவிட்டது. அதற்குக் காரணம் அமைதி இல்லை. உறுமல் போனதும் அக்கம்பக்கத்துச் சீட்டில் பேசுகிறது பளிச்சென்று கேட்க ஆரம்பித்தது. எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நம்பித் தைரியமாக ஊர்க்கதை பேசுகிறவர்கள் நம்மூரில் ஏராளம். ஒரு மருமகள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, தனக்குப் பின்னால் மாமியார் தன்னைப் பற்றிப் பேசியதை முழுசாகக் கேட்டுவிட்டு, வீரவநல்லூரில் இறங்கும்போது, "அத்தை, அந்தச் சாம்பார்ல உப்பு போட்டது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கோமுவின் ஆய்வேட்டில் இந்தப் பயன் குறிப்பிடப்படவில்லை.

பத்தொன்பதாம் நாள் மழையில் நனைந்து வந்த ஒருத்தி, ஈரத் துண்டைச் சீட்டின் தலைமாட்டில் காயப் போட்டாள். அன்று மாலை லேப்டாப்பில் பதிவைப் பார்த்த கோமு, "பன்னிரண்டு நிமிஷம் ஒதுங்கி நின்னுருக்கு அண்ணாச்சி, பிறகு தானா வேலைக்கு வந்துருக்கு" என்றாள். பெற்ற பிள்ளை சண்டைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டது மாதிரிச் சொன்னாள்.

முப்பதாவது நாள் காலை ரயிலில் பேராசிரியர் ஜயலக்ஷ்மி வந்து இறங்கினார். நானும் கோமுவும் லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலியில் காத்திருந்தோம். ஆவணியின் கடைசி முகூர்த்தம். எட்டு மணி பஸ்ஸில் நிற்க இடமில்லை. பேராசிரியர் உட்காரும்போது இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று கோமு பிச்சைக்கண்ணுவிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள், "அண்ணாச்சி, நாளைக்கு அந்தச் சீட்டுப் பக்கம் மட்டும் சத்தம் போடாதிய." பிச்சைக்கண்ணு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வாயைப் பூட்டு போட்டுப் பூட்டியிருந்தார்.

நாங்கள் ஏறியபோது சீட்டில் ஆள் இருந்தது. இன்பமணி என்ற இருபத்தைந்து வயதுப் பெண். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு இந்த பஸ்ஸில் வீரவநல்லூருக்குப் போகிறவள். பஸ் கிளம்புவதற்கு முன்பே தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிச்சைக்கண்ணு குனிந்து, "எழுப்பவா டீச்சர்?" என்று கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

கோமு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சீருடை கசங்கியிருந்தது, கால் வீங்கிச் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தாள்.

"எழுப்பாண்டாம்" என்றாள் கோமு. "ராப்பூரா நின்னுட்டு வாரா மேடம். இப்பம்தான் உக்காந்திருக்கா."

ஜயலக்ஷ்மி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நான் முழு வழியும் உக்காந்து பாக்காம கையெழுத்துப் போட முடியாது. அம்பையிலேர்ந்து நேரா வேற ஊருக்குப் போறேன், திரும்ப இந்த பஸ்ஸுல வர முடியாது. இன்னியோட உங்க பதிவு முடியறது. தெரியுமோ இல்லையோ?"

"தெரியும் மேடம்."

"அடுத்த பஸ்?"

"அது வேற பஸ். இந்தச் சீட்டு இதுல மட்டும்தான் இருக்கு."

அந்தப் பெண்ணை நானே தட்டி எழுப்பிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. ஏழு வருடம், ஒரு வேலை, ஒரு குடும்பம். ஒரு நிமிடம் தூக்கம் கலைந்தால் என்ன குடி முழுகிவிடும்? கோமு அசையவில்லை. பஸ் புறப்பட்டது.

பேட்டை வரைக்கும் ஜயலக்ஷ்மி கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்பமணியையே பார்த்தபடி வந்தார். எஞ்சின் உறுமிய உறுமலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. திடீரென்று கோமுவின் காதருகில் வந்து, "லேப்டாப் இருக்கோல்லியோ? அதுலேர்ந்து சீட்டை அணையுங்கோ" என்று கத்தினார்.

"மேடம்?"

"ஒரு நிமிஷம் அணையுங்கோ."

கோமு அணைத்தாள். பத்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு இன்பமணியின் நெற்றி சுருங்கியது. தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கை காதுப் பக்கம் போனது. கண் திறக்கப் போகிற நேரத்தில், "போடுங்கோ" என்றார் ஜயலக்ஷ்மி. போட்டதும் நெற்றி விரிந்தது. கை மடியில் விழுந்தது. வாய் மறுபடியும் லேசாகத் திறந்துகொண்டது.

சுத்தமல்லி விலக்கில் இன்னொரு தடவை அணைக்கச் சொன்னார். அதே நெற்றி, அதே கை. போட்டதும் அதே தூக்கம். பத்தமடையில் மூன்றாவது தடவை கேட்டபோது கோமு லேப்டாப்பை மூடிவிட்டாள்.

"போதும் மேடம். பாவம், தூங்கட்டும்."

வெளித் தேர்வாளரை எதிர்த்துப் பேசிய ஆய்வு மாணவியை நான் பார்த்ததில்லை. ஜயலக்ஷ்மி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். ஓடுகிற பஸ்ஸில், ஒரு கல்யாணக்காரரின் முதுகைப் பலகையாக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "நான் உக்காந்திருந்தா எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்" என்றார். கோமு காகிதத்தை வாங்கிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் பூவே இல்லை என்று சொல்ல முடியாது, பஸ் முழுக்கப் பிச்சிதான். ஆனால் அது தும்மல் அழுகை இல்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. சுற்றி நின்ற கல்யாணக்காரர்கள், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து இரங்கல் முகத்தோடு பார்த்தார்கள்.

இந்தச் சந்தோஷத்தில் வீரவநல்லூர் வந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. பிச்சைக்கண்ணு ஊர்ப் பெயரைச் சொல்லத்தான் சொன்னார். கொடுத்த வாக்குக்காகப் படிக்கட்டில் நின்று, தன் சட்டைப் பைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பஸ் அம்பையில் வந்து நின்று கூட்டம் இறங்கியபோதுதான் இன்பமணி கண்விழித்தாள். வெளியே பார்த்தாள். தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, அம்பையா! இத்தன பேரு சுத்தி நின்னு பாத்துக்கிட்டு வந்தியளே, ஒருத்தராவது எழுப்பக் கூடாதா?"

பட்டம் உறுதியாகி அரை மணி நேரமே ஆகியிருந்த கோமு தலையைக் குனிந்துகொண்டாள். ஜயலக்ஷ்மிகூடத் தேர்வில் பிடிபட்ட மாணவி மாதிரி முழித்தார். அதே பஸ் கால் மணியில் திரும்பிப் போகும். அதில் தானே கூட வந்து வீட்டில் விடுவதாகக் கோமு சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினாள். நானும் போனேன். சும்மா இருக்க முடியாமல் அந்தச் சீட்டின் கதையையும் இன்பமணிக்குச் சொன்னேன். இத்தனை நாளும் புது மெத்தை போட்ட சீட்டு, அதனால்தான் தூக்கம் வருகிறது என்று நினைத்திருந்தாளாம்.

"அப்பம் அதை அணைச்சுப் போடுங்கக்கா. இல்லன்னா திரும்பவும் தூங்கி, திருநெல்வேலிக்கே போயிருவேன்" என்றாள்.

கோமு அணைத்தாள். பஸ் கிளம்பி வேகம் பிடித்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டுகிற வரைக்கும் இன்பமணி முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தச் சத்தத்துலயா மத்தவங்க எல்லாம் தெனமும் வாராங்க?"

"ஆமா" என்றாள் கோமு.

இன்பமணி திரும்பிப் பின்னால் இருந்த வரிசைகளைப் பார்த்தாள். கூடையோடு உட்கார்ந்திருந்தவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள், ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு தூங்க முயன்றுகொண்டிருந்த ஒரு பெரியவர்.

"அப்பம் அவங்களுக்கு?"

ஏழு வருடத்தில் எந்தப் பேராசிரியரும் கோமுவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வீரவநல்லூர் வருகிற வரைக்கும் கோமு வரிசை வரிசையாகச் சீட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். இன்பமணியோடு இறங்கும்போது, "செய்யணும் தாயி" என்றாள்.